நான் போட்ட டிக்

நான் பஸ் டிப்போவில் நேரக் காப்பாளர். ஒரு வண்டி மூன்று நிமிடம் தாமதமாக வந்தாலும் ஓட்டுநரை வறுத்தெடுத்துவிடுவேன். "கடிகாரத்தை முழுங்கினவன்" என்று முதுகுக்குப் பின்னால் சொல்வார்கள். நான் காதில் போட்டுக்கொள்வதில்லை.

என் மனைவிக்கு நரம்பு நோய். குணமாகாது, கை கால் கொஞ்சம் கொஞ்சமாகத் தளரும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பயிற்சி செய்தால், தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும் காலத்தை நீட்டிக்கலாமாம். அதற்காக மாதம் ஒருமுறை தெரபிஸ்ட் அம்மா வீட்டுக்கு வருவார். போன மாதம் அவர் தந்த வேலை ஒன்றே ஒன்று. தினமும் காலையில் சட்டையின் ஐந்து பட்டனையும் அவளே போட வேண்டும். எவ்வளவு நேரமானாலும் யாரும் கை வைக்கக் கூடாது. போட்டு முடித்ததும் தாளில் நான் ஒரு டிக் அடிக்க வேண்டும்.

முதல் நாள் முப்பத்தைந்து நிமிடம் ஆனது. ஐந்தையும் போட்டுவிட்டாள். நான்தான் வாசலுக்கும் அறைக்குமாக நடையாய் நடந்தேன். இரண்டாம் நாள் மூன்றாவது பட்டனிலேயே என் பொறுமை பறந்துவிட்டது. அவள் கையை விலக்கிவிட்டு நானே மளமளவென்று போட்டேன். அரை நிமிடம். தாளிலும் டிக் போட்டேன். அப்புறம் அதுவே பழக்கமாகிவிட்டது. அவள் கழுத்தைக் காட்டிக்கொண்டு நிற்பாள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், டிக் போடும்போது எனக்குக் கை கூசவேயில்லை.

நேற்று தெரபிஸ்ட் வந்து பட்டன் போடச் சொன்னார். ஒன்றுகூட ஏறவில்லை. பட்டனைப் பிடிக்கவே விரல்கள் திணறின. அவர் தாளை எடுத்துப் பார்த்தார். முப்பது நாள், முப்பது டிக். அவர் முகம் வாடிவிட்டது. இவ்வளவு ஒழுங்காகச் செய்தும் கை வரவில்லையென்றால் இனி வராது, பயிற்சியை நிறுத்திவிட்டு உடுத்திவிட ஆள் வைத்துக்கொள்ளுங்கள் என்று தணிந்த குரலில் சொல்லிவிட்டு, அதை எழுதப் பேனாவைத் திறந்தார். மனைவி தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைக் காட்டிக்கொடுக்க அவளுக்கு ஒரு வார்த்தை போதும். சொல்லவில்லை.

நான் குறுக்கே கையை நீட்டினேன்.

"எழுதாதீங்கம்மா. அவ செய்யல, நான்தான் போட்டுவிட்டேன். முதல் நாளைத் தவிர எல்லா டிக்கும் பொய்."

அவர் நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை. பேனாவை மூடினார்.

"இந்த நோய்ல போன மாசம் போனதுதான் சார். நாளைக்குத் திரும்ப ஆரம்பிங்க. எவ்வளவு வருதோ, அதை வெச்சுப் பார்க்கலாம்."

அவர் போனதும், நீயாவது வாயைத் திறந்து தடுத்திருக்கக் கூடாதா, என்று மனைவி மேலேயே பாய்ந்தேன். தப்புச் செய்தவனுக்கு வரும் கோபத்துக்கு மானம் மரியாதை கிடையாது. அவள் கோபப்படவில்லை.

"காலையில எழுந்தா நேரமாச்சு நேரமாச்சுன்னு ஓடிக்கிட்டே இருப்பீங்க. பட்டன் போடற அந்த அரை நிமிஷந்தான் என் முகத்துக்கு நேரா நிப்பீங்க. அதை விட மனசு வரல எனக்கு."

அந்த அரை நிமிடமும் நான் பட்டனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அதை அவளிடம் எந்த வாயால் சொல்வேன்?