பதினேழு முதல் இருபத்தொன்று வரை

உதயகலா வருகிறாள் என்று வெள்ளைச் சேர்ட்டை மினுக்கிப் போட்டுக்கொண்டு இருந்தேன். யாழ்ப்பாணக் கிணற்றுநீர் ஆய்வுகளின் வரலாற்றைக் கலாநிதிப் பட்டத்துக்காக எழுதுகிறாளாம். 1982இல் சைக்கிளில் திரிந்து நாற்பது கிணறுகளின் தண்ணீரைப் போத்தலில் சேர்த்த நமசிவாயம் நான்தான் என்று எப்படியோ அறிந்து போன் எடுத்திருந்தாள். இத்தனை வருஷம் ஒருவரும் தேடாத மனுசனை ஒரு பிள்ளை தேடி வந்தால் தலை கொஞ்சம் வீங்கத்தானே செய்யும்.

"இருங்கோ பிள்ளை. எந்த இடம் நீங்கள்?"

"சுன்னாகத்துக்குக் கிட்டத்தான் சேர்."

"அங்கை எந்தப் பக்கம்?"

எங்கள் ஊரில் இந்தக் கேள்வி முகவரிக்காகக் கேட்கப்படுவதில்லை. அவள் குறிச்சியின் பெயரைச் சொன்னாள். "ஓ" என்றேன். அந்த "ஓ"வை அவள் முதல் தடவையாகக் கேட்டிருக்க மாட்டாள்.

மடிக்கணினியைத் திறந்து பழைய அறிக்கையைக் காட்டினாள்.

"சேர், பதினேழு தொடக்கம் இருபத்தொண்டு வரைக்கும் அஞ்சு கிணத்திலையும் நைத்திரேற்று, குளோரைட்டு எல்லாம் ஒரே எண். பதினாறிலையும் அதே எண்தான். பதினாறு உங்கடை வீட்டுக் கிணறு, என்ன?"

அந்த ஐந்தும் அவளுடைய குறிச்சிக் கிணறுகள். அன்றைக்கு அந்த வாளிக் கயிற்றைத் தொட எனக்கு மனம் வரவில்லை. சாதி என்று எனக்குள்ளேகூடச் சொல்லவில்லை, நேரம் போய்விட்டது என்று சொல்லிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து, விதிப்படி மூன்று தரம் போத்தல்களை அலசி, ஐந்தையும் எங்கள் கிணற்றில் நிரப்பினேன். அலசியதில் மட்டும் ஒரு குறையும் வைக்கவில்லை.

"போத்தல் மாறிப்போச்சுப் போலை," என்றேன். "அப்ப லேபிள் எல்லாம் ஈரத்திலை கழண்டுபோறது."

"ஓம் சேர், அப்பிடியும் நடக்கும்." அதைத் தட்டெழுதிக்கொண்டாள்.

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பிஸ்கட் ஒன்றை எடுத்துக் கடித்தேன். அந்த நேரத்தில் எனக்குப் பிஸ்கட் இறங்கியதே என்று இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

மடிக்கணினியைப் பைக்குள் வைத்துவிட்டு அவள் எழும்பினாள்.

"அம்மாவுக்கு உங்களை ஞாபகம் இருக்கு சேர். குணலட்சுமி எண்டு பேர். அப்ப பதினெட்டு வயசு. தண்ணி சோதிக்க ஆள் வருது எண்டு வாளியைப் புளி போட்டு மினுக்கி வைச்சவவாம். நீங்கள் ஒழுங்கை முகப்பிலை சைக்கிளாலை இறங்காமலே, 'காணும், தண்ணி எடுத்தாச்சு' எண்டு சொல்லிப்போட்டுப் போனியளாம். பிறகு, எங்கடை தண்ணி நல்ல தண்ணி எண்டு அறிக்கை வந்தது. அதைக் காட்டித்தான் குழாய்த் திட்டத்திலை எங்களைச் சேர்க்காமல் விட்டவை. இருபத்தெட்டு வருஷம் உப்புத்தண்ணிதான் குடிச்சனாங்கள்."

அவள் குரலில் கோபம் இல்லை. இரண்டு வார்த்தை ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"வாறன் சேர்."

படலை வரை போய்விட்டாள். என் வாய் அப்போதுதான் திறந்தது.

"பிள்ளை, போத்தல் மாறேல்லை."

"தெரியும் சேர்."

திரும்பி வந்து மடிக்கணினியைத் திறந்து என் முன்னால் வைத்தாள். "நீங்களே எழுதுங்கோ."

ஒரு விரலால் தட்டித் தட்டி எழுதினேன்: "17 முதல் 21 வரையான கிணறுகளில் நான் நீர் எடுக்கவில்லை. என் வீட்டுக் கிணற்று நீரையே நிரப்பினேன்."

அவள் குனிந்து வாசித்தாள். "ஏன் எண்டும் எழுத வேணும் சேர். என்ரை ஆய்வே அதைப் பற்றித்தான்."

எழுதியதைத் திரும்ப ஒருதரம் வாசித்தேன். எந்தப் பக்கம் என்று அவளிடம் கேட்க எனக்கு ஒரு கணம்கூட எடுக்கவில்லை. நாற்பது வருஷத்துக்கு முந்திய காரணம் அந்தக் கேள்விக்குள்ளேயே இருந்தது.

அதை எழுதினேன். இன்றைக்கு அவளிடம் கேட்ட கேள்வியையும் திகதி போட்டு அதன் கீழே எழுதினேன்.