நாலு பொட்டு

அடுப்பில் ஒட்டியிருந்த நாலு பொட்டையும் தம்பி ஜனா சுரண்டி எடுத்துவிட்டான் என்பது, காலையில் அடுப்பின் கண்ணாடியைத் தடவியபோதுதான் சுபோதினிக்குத் தெரிந்தது. விரலுக்கு ஒன்றும் அகப்படவில்லை. தடவிய தடவலில் அடுப்பு கீக் கீக் என்று கத்திவிட்டுத் தன்னைத்தானே பூட்டிக்கொண்டது.

நீரிழிவு என்கிற சீனி வருத்தம் அவளுடைய ஒரு கண்ணை முழுதாகக் கொண்டுபோயிருந்தது. மற்றதில் நிழலாட்டம் மட்டும். ஆனாலும் பழைய காஸ் அடுப்பின் குமிழைத் திருப்பி, சத்தத்தை வைத்தே பதினைந்து பேருக்குச் சமைத்துப் போட்டவள். கொழும்பு வெள்ளவத்தையில் தம்பி வீட்டில்தான் இருக்கிறாள். சமைக்கிறவரைக்கும் யாருக்கும் பாரமில்லை என்று தலை நிமிர்ந்து இருக்கலாம்.

ஜனாவுக்கோ வீட்டில் எந்தச் சாமானிலும் எழுத்து, கோடு, பிடி ஒன்றும் துருத்தக் கூடாது. தண்ணீர் கொதிக்கவைக்கும் கேத்தலில் அளவுக்கோடு இல்லை. ரிமோட்டில் ஒரேயொரு பொத்தான். குளியலறைக் கதவுக்குக் கைபிடிகூட இல்லாமல், வந்தவர்கள் உள்ளே நின்று தட்டுவார்கள். கடைசியாக வந்தது இந்த மின்னடுப்பு, வழுவழுவென்று ஒரு கறுத்தக் கண்ணாடி. முகம் முட்டக் குனிந்தால்தான் அதன் எழுத்து அவளுக்கு மங்கலாகத் தெரியும். சட்டி கொதிக்கும்போது குனிய முடியுமா? அதனால்தான் கல்லுவைத்த ஒட்டுப் பொட்டு வாங்கி, தொடவேண்டிய இடங்களுக்குக் கீழே ஒட்டினாள்.

"ஏன்டா எடுத்தனி?"

"ஒண்டும் இல்லாம இருக்கிறதுதான் அக்கா இதின்ர அழகு. இண்டைக்கு யதுஷான்ர பெரியம்மாவையள் வருகினம். சாப்பாடு ஓடர் பண்ணியாச்சு. நீங்கள் சும்மா இருங்கோ."

சும்மா இருங்கோ. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இன்றைக்கு இருந்தால் நாளைக்கும் இருக்கச் சொல்வான். பிறகு மூலையில் குந்தியிருக்க ஒரு கதிரைதான் மிச்சம்.

மதியம் விருந்தினர் வந்தார்கள். கூடத்தோடு ஒட்டிய சமையலறையைப் பார்த்து, ஜனாவின் மனைவி யதுஷாவிடம் பெரியம்மா வியந்தார். "என்ன துப்புரவு பிள்ளை! அடுப்பு இருக்கிற இடமே தெரியேல்லை."

"ஓம், எனக்கும் தெரியேல்லை" என்றாள் சுபோதினி.

அவள் எழுந்து போய், கண்ணாடியில் மூக்கு முட்டக் குனிந்து, பூட்டைத் திறந்து, அடுப்பை மூட்டத் தொடும் இடத்தைக் கண்டுபிடித்தாள். மிச்சப் பொட்டு இருந்த அட்டையையும் ஜனா குப்பையில் போட்டிருந்தான். விரலை அந்த இடத்திலிருந்து எடுக்காமல், மற்றக் கையால் தன் நெற்றிப் பொட்டைக் கழற்றினாள்.

"ஐயோ, வெள்ளிக்கிழமையும் அதுவுமா!" பெரியம்மா பதறினார்.

"அக்கா, ஆக்கள் இருக்கினம்" என்றான் ஜனா பல்லைக் கடித்துக்கொண்டு.

"இருக்கட்டும். சாப்பிடத்தானே வந்தவை. எனக்குச் சமைக்க மறக்கேல்லையடா. உன்ர அடுப்புக்குத்தான் தன்னைக் காட்டத் தெரியேல்லை."

பொட்டைக் கண்ணாடியில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினாள். தாச்சிச் சட்டியை ஏற்றி, பொட்டுக்கு மேலே தொட்டு அடுப்பை மூட்டி, எண்ணெய் விட்டுக் கடுகைப் போட்டாள். மேசையில் ஓடர் பண்ணிய பெட்டிகள் மூடியபடி கிடந்தன. வெறும் நெற்றியோடு அவள் கூடத்தைப் பார்த்துத் திரும்பி நின்றாள். முதுகுக்குப் பின்னால் கடுகு வெடிக்கத் தொடங்கியது.