பன்னிரண்டு பொட்டலம்

மரபணுச் சோதனை முடிவு மின்னஞ்சலில் வந்தபோது நான் தண்டையார்ப்பேட்டையில் பஸ்ஸுக்குள் நசுங்கிக்கொண்டிருந்தேன். எம்.கே.பி. நகர் வருவதற்குள் மூன்று முறை படித்தேன். நம்பாமல், இறங்கியதும் கடையில் பிரின்ட் எடுத்து இன்னொரு முறையும் படித்தேன். ஏழாம் எண் என்று நான் நான்கு வருடமாக வளர்த்த செடி ஒரே வகைச் செடி இல்லை.

நான் ஆராய்ச்சி செய்யும் செடிக்கு அரபிடாப்சிஸ் என்று பெயர். கடுகுக்கு ஒன்றுவிட்ட தங்கை. மாடுகூட முகர்ந்து பார்க்காது. ஆனால் ஆறே வாரத்தில் முளைத்து, பூத்து, காய்த்துவிடும். அதன் மரபணு முழுவதையும் உலகம் எப்போதோ படித்து முடித்துவிட்டது. அதனால்தான் எங்களைப் போன்றவர்கள் இதைக் கட்டிக்கொண்டு அழுகிறோம். என்னிடம் இருந்த பன்னிரண்டு வகைகளில் ஏழாம் எண் மட்டும் உப்புத் தண்ணீரிலும் வாடாமல் நின்றது. எங்கள் பக்கம் போர்வெல் போட்டால் உப்புதான் வருகிறது என்பதால் எனக்கு அதன்மேல் தனிப் பிரியம். மரபணுவில் எந்த எழுத்து மாறியதால் அது நிற்கிறது என்று கண்டுபிடித்தால் எனக்கு டாக்டர் பட்டம். வந்த முடிவிலோ ஏழாம் எண்ணுக்குள் மற்ற பதினொன்றின் எழுத்துகளும் கலந்து கிடந்தன.

என் ஆராய்ச்சி வழிகாட்டி மேடத்துக்கு போன் செய்தேன். அவர் கத்தவில்லை. எங்கேயோ விதை கலந்திருக்கிறது, முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்றார். முதல் விதை புயல் வெள்ளத்தில் ஆய்வுக்கூடத்தோடு போய்விட்டது, உதவித்தொகை இன்னும் மூன்று மாதம்தான் என்பதெல்லாம் அவருக்கும் தெரியும்.

அந்த வெள்ளத்தில் மிஞ்சிய பன்னிரண்டு விதைப் பொட்டலத்தையும் தலையில் வைத்துக்கொண்டு, இடுப்பளவு தண்ணீரில் வீடு வந்து சேர்ந்தவள் நான். ஈரம் ஏறியிருந்தது. செய்தித்தாளில் தனித்தனியாகக் கொட்டி, எண் எழுதிக் காயப்போட்டேன். நான்காம் நாள் மதியம் அசந்து தூங்கிவிட்டேன். எழுந்து பார்த்தால் என் அப்பா, நைனா, எல்லாவற்றையும் மடித்து வரிசையாக அடுக்கியிருந்தார். துறைமுகத்துக் கன்டெய்னர் யார்டில் முப்பது வருடமாக எண் பார்த்து அடுக்குகிற மனிதர். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அதற்குப் பிறகு ஏழாம் எண்ணில் சில செடி நின்றது, சில செத்தது. தண்ணீரைக் குறை சொன்னேன், மண்ணைச் சொன்னேன், என் ராசியில்லாத கையைச் சொன்னேன்.

வீட்டில் நைனா டீ குடித்துக்கொண்டிருந்தார். எதிரில் உட்கார்ந்து சும்மா கேட்பது போலக் கேட்டேன்.

"நைனா, வெள்ளத்தப்ப வெத காயப்போட்டேனே. நான் தூங்கசொல்ல இன்னா ஆச்சி?"

சிரித்தார். யாருக்கும் தெரியாமல் செய்த நல்ல காரியம் வெளியே வந்துவிட்டால் வருகிற சிரிப்பு.

"கரண்ட் வந்துச்சி. உன்ன கொசு புடுங்கிகினு கீது, ஃபேனப் போட்டேன். அல்லாம் பறந்துடுச்சி மா. தூளு மாரி கீதே, தரையில தெர்லவே இல்ல. டார்ச் அடிச்சி, கோழி எறகால ஒண்ணு வுடாம கூட்டி எட்த்தேன். பன்னெண்டுக்கும் சமமா போட்டேன். ஒண்ணுக்கும் கொற வெக்கல."

கோபம் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அழுகைதான் வந்தது. அதையும் விழுங்கினேன்.

"ரிசல்ட்டு வர்ணும்னியே, வந்துச்சா?"

"வந்துச்சி நைனா."

"நல்லா கீதா?"

நான் வாயைத் திறப்பதற்குள் என் நெற்றி வேர்வையைப் பார்த்துவிட்டார். டம்ளரைக் கீழே வைத்து, முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து போய், ஃபேனை ஐந்தில் வைத்தார். மடியிலிருந்த ரிசல்ட் தாள்கள் படபடத்து எழும்பின. இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்துக்கொண்டேன்.