கதவு திறந்துதான் இருக்கு

சனிக்கிழமை சாயங்காலம் துண்டையும் சோப்பையும் எடுத்துக்கொண்டு, கைப்பிடியை விடாமல் ஒவ்வொரு படியாகக் கீழ்த்தளத்துக்கு இறங்கினேன். நீராவிக் குளியல் எடுக்கிற சவுனா அறைக்கு வெளியே, கம்பிக் கூண்டுக்குள் என் தம்பியின் நாய் உட்கார்ந்து இரைத்துக்கொண்டிருந்தது. நாக்கு ஒரு பக்கமாகத் தொங்கியது. கூண்டின் அடித்தட்டில் எச்சில் குளமாகத் தேங்கியிருந்தது. அறைக் கதவின் இடுக்கு வழியாக வந்த சூடு என் கன்னத்திலேயே அடித்தது. அந்தக் கூண்டுக்கும் கதவுக்கும் நடுவே ஒரு நாற்காலி போடக்கூட இடமில்லை.

"ரெய்னோ, நாய் வெந்து போகுதுடா. வெளிய விடு."

உள்ளே அவன் அடுப்புக் கற்கள்மேல் தண்ணீர் ஊற்றினான். புஸ்ஸென்று சத்தம் எழுந்து அடங்கியது.

"கதவு தொறந்துதான் இருக்கு," என்றான்.

குனிந்து பார்த்தேன். உண்மைதான். கூண்டின் கொக்கி உடைந்து தொங்கிக்கொண்டிருந்தது. கதவு பாதி திறந்து கிடந்தது. நாய் மூக்கால் தள்ளினால் போதும், வெளியே வந்துவிடலாம்.

"அப்ப ஏன் வர மாட்டேங்குது?"

"அதுக்கு அங்கதான் புடிச்சிருக்கு. கதவுகிட்ட நின்னு பேசாத, சூடு போகுது. நான் முடிச்சதும் உன் முறை."

அந்த வீட்டில் நான் அக்டோபரிலிருந்து இருக்கிறேன். இடுப்பில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டேன். என் குடியிருப்போ மூன்றாவது மாடி, லிப்ட் கிடையாது. "வசந்தம் வரைக்கும் என்கூட இரு" என்று ரெய்னோதான் ஆஸ்பத்திரிக்கு வந்து என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனான். அதையும் சொல்லியாக வேண்டும். முன்னறையைக் காலிபண்ணிக் கட்டிலைப் போட்டான், குளியலறையில் எனக்குப் பிடித்துக்கொள்ளக் கம்பி வைத்தான். எல்லாம் வாயைத் திறக்காமல். அப்பா பின்லாந்திலிருந்து கனடாவில் இந்த தண்டர் பே ஊருக்கு வந்து கட்டிய வீடு அது. முதலில் சவுனாவைக் கட்டிவிட்டு, மரம் மிச்சமிருந்ததால் அதன்மேல் வீட்டையும் கட்டினார் என்று அம்மா சொல்லுவாள். நான் படி இறங்கலாம் என்று டாக்டர் சொன்னதே இந்த ஜனவரியில்தான். அதுவரை நாய் பின்வாசல் வழியாக முற்றத்துக்குப் போகும்போதும் வரும்போதும் அதைச் சமையலறை ஜன்னலில் பார்த்ததோடு சரி. கூச்ச சுபாவம் போலிருக்கிறது என்று நினைத்திருந்தேன்.

பட்டன் என்று பேர். கறுப்பும் வெள்ளையுமாக, இன்ன சாதி என்று சொல்லமுடியாத நாய். ரெய்னோவின் மனைவி ஜோவான் அதைக் குட்டியாகக் கொண்டுவந்தாள். போன கோடையில் அவள் வீட்டை விட்டுப் போனாள். அவள் பிடித்த வாடகை வீட்டில் நாய்க்கு அனுமதியில்லை. அதனால் நாய் இங்கேயே நின்றுவிட்டது.

தண்ணீர்க் கிண்ணம் காய்ந்து கிடந்தது. நிரப்பி வைத்தேன். ஒரே மூச்சில் குடித்தது. அப்போதுதான் அதன் முன்கால் முட்டிகளைப் பார்த்தேன். வெறும் தட்டில் படுத்துப் படுத்து மயிர் உதிர்ந்து, தோல் வெடித்து, புண்ணாகியிருந்தது. கழுத்தில் பட்டை இருந்த இடத்தைச் சுற்றிலும் சிவந்திருந்தது.

அந்தச் சிவப்பு ஏன் என்று சற்று நேரத்தில் தெரிந்துவிட்டது. ரெய்னோ செக்கச்செவேலென்று குளித்துவிட்டு வந்தான். உடுத்திக்கொண்டு, காலில் பூட்ஸை மாட்டினான். கூண்டுக்குள் கையை விட்டுக் கழுத்துப்பட்டையைப் பிடித்து இழுத்தான். நாய் நாலு காலையும் ஊன்றிக்கொண்டது. அடித்தட்டோடு சேர்ந்து சறுக்கிக்கொண்டு வந்தது. வாசலைத் தாண்டினதும் சண்டையெல்லாம் போய், தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு அவன் பின்னால் படியேறிப் பனிக்குள் போனது. திரும்பி வந்ததும் தானாகவே கூண்டுக்குள் போய் வட்டமிட்டுப் படுத்தது.

"பாத்தியா? தானாப் போகுது," என்றான் ரெய்னோ.

அவன் நகராட்சியில் பனி வாரும் வண்டி ஓட்டுகிறான். பனி பெய்தால் விடியுமுன்பே போய்விடுவான். மத்தியானத்துக்குமேல் வந்து, சாப்பிட்டு, உட்கார்ந்த இடத்தில் தூங்குவான். அவன் போனபிறகு நான் தினமும் கீழே இறங்கினேன். வா என்று கூப்பிட்டேன். வாடி கண்ணு என்றேன். சீட்டியடித்தேன். வேகவைத்த கோழித் துண்டைக் கூண்டுக்கு வெளியே ஒரு சாண் தள்ளி வைத்தேன். பட்டனின் மூக்கு வாசல்வரை வந்து, கண்ணாடியில் இடித்ததுபோல நின்றுவிட்டது. உடம்பெல்லாம் நடுங்கியது. எச்சில் ஒழுகியது. வரவில்லை. கையை நீட்டினால் நக்கியது. கழுத்துப்பட்டையைப் பிடித்து இழுக்க எனக்கு மனசும் வரவில்லை, இடுப்பும் இடம் கொடுக்கவில்லை. கோழித் துண்டை எடுத்து உள்ளே வைத்துவிட்டு வந்தேன்.

சாப்பிடும்போது பேச்சை எடுத்தேன்.

"நல்லாப் பாத்துக்கறவங்க யாருக்காவது அதைக் குடுத்துடேன்."

"என் நாய்."

"ஜோவானோட நாய்தானே அது?"

முள்கரண்டியைக் கீழே வைத்தான். "விட்டுட்டுப் போனா இல்ல? அப்ப என் நாய்."

அதற்குமேல் உருளைக்கிழங்கைத் தவிர வேறெதையும் அவன் பார்க்கவில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை, துவைக்கிற துணியைக் கூடையில் போட்டுக்கொண்டு கீழே போனேன். வாஷிங் மெஷின் கூண்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. கூடையால் கால் தெரியவில்லை. அதன் மூலை கூண்டில் இடித்து, கூண்டே ஒரு குலுங்கு குலுங்கியது.

"ஐயோ, சாரி, சாரி," என்றேன்.

கதவில் இடித்துக்கொண்டால் கதவிடமே சாரி சொல்கிற ஊர்க்காரர்கள் நாங்கள். யோசித்துச் சொன்னதில்லை. ஆனால் பட்டன் எழுந்தது. உடம்பை ஒருமுறை உதறியது. வாசலைத் தாண்டி, என் காலைச் சுற்றிக்கொண்டு, படியேறி மேலே போய்விட்டது.

நான் கூடையோடு நின்றேன். பிறகு மெதுவாக மேலே வந்தேன். சமையலறையில் வெயில் விழுந்த இடத்தில் நடுவாக நின்றுகொண்டிருந்தது. அடுப்பை மோந்தது. ஜோவான் உட்காருகிற ஜன்னலோர நாற்காலியை மோந்தது, அதைவிட்டு நகராமல் வெகுநேரம் மோந்தது. அப்புறம் அதன் கீழேயே படுத்துத் தூங்கிப்போனது. ரெய்னோ வருமுன்பு கீழே கூட்டிப்போனேன். கையைக் காட்டினேன். உள்ளே போய்விட்டது.

மறுநாள் கூண்டின் முன்னால் ஒரு பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தேன். கூடை என்றேன். ஐயோ என்றேன். துணி, சோப்பு, இடுப்பு என்று வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். காதுகூட அசையவில்லை. "சாரி" என்றேன். எழுந்து வந்தது.

ஜோவானுக்கு போன் போட்டேன்.

"என்ன நாத்தனாரே, அதிசயமா இருக்கு. இடுப்பு எப்படி?"

"இடுப்பு கிடக்கட்டும். உன் நாய்கிட்ட சாரி சொன்னா எந்திரிச்சு வருதே, என்னடி அது?"

அந்தப் பக்கம் சிரிப்பு வெடித்தது. சிரித்துக்கொண்டே இருந்தாள். பிறகு சிரிப்பு என்று சொல்லமுடியாத ஏதோ சத்தம் வந்தது. காத்திருந்தேன்.

"பயிற்சி வகுப்புக்குக் கூட்டிட்டுப் போனேன்ல, அங்க பழக்கற பொண்ணு சொல்லிச்சு. கூண்டை விட்டு வெளிய வர ஒரு வார்த்தை வச்சுக்கோங்க, அதைச் சொன்னாத்தான் வரணும்னு. 'வா', 'சரி'ன்னெல்லாம் வச்சா நாம பேசறப்பல்லாம் வந்து நிக்குமாம். உங்க வீட்ல யாரும் சொல்லாத வார்த்தையாப் பாத்து வைங்கன்னுச்சு."

"இந்த ஊர்ல போய் யாராவது அதை வைப்பாங்களா? நாய் ஒரு நிமிஷம் உக்காருமா?"

"ஊர்லதான் சொல்றாங்க. உங்க தம்பி வீட்ல எங்க? முப்பது வருஷத்துல ஒரு தடவை அவர் வாயில கேட்டதில்ல. சொல்லிச் சொல்லி ஓய்ஞ்சு நானும் நிறுத்திட்டேன். அதனால அந்த வார்த்தை சும்மாதானே கிடந்துச்சு?"

"அவனுக்குத் தெரியுமா?"

"வகுப்பு முடிஞ்சு வந்த அன்னிக்கே சொன்னேன். 'வேணும்னுதானே வச்ச'ன்னார். ஆமான்னேன். அன்னிலேருந்து கழுத்தைப் புடிச்சு இழுக்கறதுதான். வேடிக்கைக்குத்தான் வச்சேன். நான் இருக்கறவரைக்கும் நான் சொல்லிக்கிட்டேதான் இருந்தேன் அது வெளிய வர்றதுக்கு. இப்படி ஆகும்னு நினைக்கல."

"கழுத்தெல்லாம் புண்ணு ஜோவான்."

வேறு வீடு தேடிக்கொண்டிருப்பதாகவும், நாய் என்றாலே வீட்டுக்காரர்கள் கதவைச் சாத்துவதாகவும் மெதுவாகச் சொன்னாள். "நான் கேட்டா அவர் குடுப்பாரா அக்கா? நீங்களே சொல்லுங்க."

குடுக்கமாட்டான் என்று எனக்கும் தெரியும்.

அதிலிருந்து ரெய்னோ வேலைக்குப் போனதும் பட்டன் மேலே, அவன் வருவதற்கு முன் கீழே என்று நடந்தது. முட்டிப் புண்ணை உப்புத் தண்ணீரில் கழுவி மருந்து தடவினேன். ஒரு பழைய கம்பளத்தை மடித்துக் கூண்டுக்குள் போட்டேன். ரெய்னோ அதைப் பார்த்தான், எடுத்து எறியவில்லை. ஆனால் சாயங்காலமானால் அவன் இழுக்கிற இழுப்பில், ஆறின கழுத்து மறுபடியும் உரிந்தது. அடுத்த சனிக்கிழமை காலையில் அந்தப் பட்டையைக் கழற்றி என் ஸ்வெட்டர் பையில் போட்டுக்கொண்டேன். கழுத்துக்கும் மருந்து தடவிவிட்டு, காபியைக் கலந்துகொண்டு உட்கார்ந்தேன். பட்டன் என் செருப்பின்மேல் தலையை வைத்துத் தூங்கியது.

வண்டியில் ஏதோ கோளாறு என்று ரெய்னோ அன்றைக்கு மத்தியானமே வந்துவிட்டான். வாசலில் பூட்ஸோடு நின்றான். தாடியில் பனி உருகிச் சொட்டியது.

"யாரு இழுத்துட்டு வந்தது?"

"யாரும் இழுக்கல. அதுவா நடந்து வந்துச்சு."

தொப்பியைக் கழற்றாமல் என்னையே பார்த்தான். "அவகிட்ட பேசினியா?"

"அப்புறம்தான் பேசினேன். முதல்ல துணிக்கூடை இடிச்சுது, வாய் தானாச் சொல்லிருச்சு. உங்க வீட்ல அது கெட்ட வார்த்தைன்னு எனக்கென்னடா தெரியும்?"

அவன் வாயோரம் ஒரு கணம் இழுத்துக்கொண்டது. சிரிக்கப்போகிறான் என்றுதான் நினைத்தேன்.

"கீழ போ," என்றான்.

என்னைச் சொல்கிறான் என்று நினைத்து நான் எழப் பார்த்தேன். நாய் எழுந்து போனது. படியில் அதன் நகச் சத்தம் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கியது. கூண்டின் தட்டு கிரீச்சிட்டது.

"கழுத்துப்பட்டை எங்க?"

"என்கிட்ட இருக்கு. தோல் உரிஞ்சு கிடக்கு. ஆறட்டும்."

"குடு அக்கா."

"தரமாட்டேன்."

"என் வீடு. என் நாய்."

"உன் வீடுதான். போகச் சொல்லு, பெட்டியக் கட்டறேன். ஆனா போற வழியில மிருகவதைத் தடுப்புக்காரங்க ஆபீஸ்ல எறங்கி ரெண்டு வார்த்தை சொல்லிட்டுதான் போவேன்."

"சொந்தத் தம்பிய."

"சொந்தத் தம்பியத்தான்."

பூட்ஸைக் கழற்ற உட்கார்ந்தான். ஒன்றைக் கழற்றினான். இன்னொன்றின் கயிற்றைப் பிடித்தபடி அப்படியே இருந்தான்.

"இன்னிக்கு சனிக்கிழமை," என்றேன். "சவுனா மூட்டுவ. மூட்டறதுக்கு முன்னாடி அது வெளிய இருக்கணும். நான் கூப்பிடமாட்டேன். நீ கூப்பிடு."

"வரலன்னா?"

"எப்படிக் கூப்பிட்டா வரும்னு உனக்குத் தெரியும்."

சூப்பைச் சூடுபண்ணி வைத்தேன். தொடவில்லை. ஜன்னல் பக்கம் பார்த்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, வெளிச்சம் மங்குகிற சமயத்தில் கீழே போனான். விறகை அடுக்குகிற சத்தம் கேட்டது. அடுப்புக் கதவு திறந்தது. தீக்குச்சி உரசுகிற சத்தத்துக்குக் காத்திருந்தேன். அது வரவில்லை. பக்கெட் சிமெண்டுத் தரையில் இழுபட்டது.

நான் படி உச்சியில் வந்து நின்றேன்.

"வா," என்றான்.

பிறகு, "பட்டன், வா." சீட்டியடித்தான். தொடையில் தட்டினான். கம்பியில் கை படுகிற சத்தம் கேட்டது. பிடிக்கப் போகிறானா என்று ஒரு படி இறங்கினேன். பையில் இருந்த பட்டையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். கம்பிச் சத்தம் நின்றது. அவன் தொண்டையைச் செருமினான். அப்பா சர்ச்சில் பாடுவதற்கு முன்னால் அப்படித்தான் செருமுவார்.

அந்த நேரம் பார்த்துத் தெருவில் பனி வண்டி வந்தது. தகடு ரோட்டை உரசிக்கொண்டு போக, ஜன்னல் கண்ணாடியெல்லாம் கடகடவென்று ஆடியது. கீழே அவன் ஏதாவது சொன்னானோ, சொல்லவில்லையோ. வண்டி மூலை திரும்புகிறவரை எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

சத்தம் ஓய்ந்தபிறகு, சிமெண்டில் நகம் படுவது கேட்டது. பட்டன் படியடிக்கு வந்தது. வெறுங்கழுத்தோடு இரண்டு மூன்று படி ஏறியது. என்னைப் பார்த்தது. வரும் என்று நான் ஒதுங்கி நின்றேன். வரவில்லை. படியிலேயே நின்று, கீழே திரும்பிப் பார்த்தது.

நான் நின்ற இடத்திலிருந்து ரெய்னோவின் முழங்கால்கள் தெரிந்தன. முழங்கால்மேல் இரண்டு கைகள், ஒன்றில் பிரிக்காத தீப்பெட்டி. திறந்த கூண்டுக்கு முன்னால் கவிழ்த்த பக்கெட்டில் உட்கார்ந்திருந்தான். காலியான கூண்டையே பார்த்துக்கொண்டிருந்தான் போலிருக்கிறது. பட்டன் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. ஒரு காலைத் தூக்கி மேல்படியில் வைத்தபடி, அவன் எழுந்து வருவதற்காக நின்றுகொண்டிருந்தது.