நீதி தேவியின் ஆறாவது விரல்

ஜெர்வாசியோவுக்கு வேண்டியதெல்லாம் ஒரு நாற்காலி. எங்கேயாவது போட்ட நாற்காலி அல்ல; பெத்ரியோலா கோட்டையின் மாடியில், பிரபு உபெர்த்தோ சாப்பிடுகிற மேசையில் போட்ட நாற்காலி. அங்கே கவிஞர்கள் உட்காரலாம், சோதிடர் உட்காரலாம், லத்தீன் தெரிந்த எந்தச் சோம்பேறியும் உட்காரலாம். ஓவியன் மட்டும் உட்காரக் கூடாது. அவன் கையால் பிழைக்கிறவனாம். தச்சனையும் கொல்லனையும் போலக் கீழே அடுப்படியில், குதிரைக்காரர்களோடு பட்டாணிக் கஞ்சி குடித்துவிட்டு எழுந்து போக வேண்டியதுதான்.

இந்த வழக்கத்தைக் கண்ணுக்குள் வைத்துக் காப்பாற்றி வந்தவர் பண்டிதர் பொம்போனியோ. சுவரில் எந்தத் தேவியை வரைய வேண்டும், அவள் கையில் என்ன இருக்க வேண்டும் என்று கிரேக்க ஞானிகளைப் புரட்டிச் சொல்வது அவர் உத்தியோகம். ‘தெரியாது’ என்ற சொல் மட்டும் அவருக்கு எந்த மொழியிலும் தெரியாது.

“ஓய், யோசிக்கிறது நான், பூசுறது நீரு. கறி நல்லா இருக்குன்னு கரண்டியையா கூப்பிட்டு மேசையில உக்கார வைப்பாங்க?” என்பார்.

ஜெர்வாசியோ பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுப் பிரபுவிடமே போய்க் கேட்டுவிட்டான். பிரபு நல்ல மனிதர். அவசரக்காரர், அவ்வளவுதான்.

“சரிப்பா. கல்யாண மண்டபத்துல ஏழு நற்குணங்களையும் ஏழு தேவியா வரையிறே இல்ல? அந்தச் சுவர்ல உன் கை மட்டும் தெரிஞ்சா அடுப்படி. மூளையும் தெரிஞ்சா என் மேசை. நானே வந்து பாத்துச் சொல்றேன்.”

அன்றிலிருந்து ஜெர்வாசியோ தூக்கத்தில்கூட நாற்காலியில்தான் உட்கார்ந்தான்.

ஆறு தேவிகள் முடிந்துவிட்டார்கள். ஏழாமவள் நீதி. தராசைப் பிடித்த அவளுடைய வலக்கை மட்டும்தான் பாக்கி. ஈரச் சாந்தில் வரைகிற வேலை இது. அன்றைக்கு எவ்வளவு வரைய முடியுமோ அவ்வளவுக்குத்தான் அவன் மனைவி ஓர்சோலா சாந்து பூசித் தருவாள். காய்வதற்குள் வரைந்துவிட வேண்டும். காய்ந்த பிறகு தப்பைத் திருத்த ஒரே வழி சுத்தியல்தான்.

நேற்றைய சாந்து நீதியின் கட்டைவிரலோடு முடிந்திருந்தது. மிச்ச நாலு விரல்கள் இன்றைய சாந்தில் வர வேண்டும். ஆனால் இன்று காலையில் பண்டிதர் மறுபடியும் கரண்டிக் கதையை எடுத்தார். ஜெர்வாசியோ கொதித்துப் போய் ஏணியில் ஏறினான். பண்டிதரை மனதுக்குள் வைதுகொண்டே, ஒவ்வொரு வசவுக்கும் ஒரு விரலாக வரைந்து தள்ளினான். வசவு கொஞ்சம் அதிகமாகிவிட்டது.

சாந்து காய்ந்த பிறகுதான் ஓர்சோலா அண்ணாந்து பார்த்தாள்.

“யோவ், அந்தக் கையை ஒரு தடவை எண்ணு.”

“ஏன்டி?”

“எண்ணுய்யான்னா!”

எண்ணினான். நேற்றைய கட்டைவிரல் இந்தப் பக்கம், இன்றைய கட்டைவிரல் அந்தப் பக்கம், நடுவில் நாலு. நீதி தேவி நண்டு மாதிரி தராசைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“சுத்தியலை எடுடி!” என்று அவன் அலறவும், பிரபு உள்ளே வரவும் சரியாக இருந்தது. நாளைக்கு வருவதாகச் சொன்னவர், தான் கட்டிக்கொள்ளப் போகிற இசோத்தாவுக்குக் காட்டுகிற ஆசையில் இன்றே வந்துவிட்டார். பின்னாலேயே பண்டிதர்.

ஜெர்வாசியோ ஏணியில் நின்றபடி தொப்பியைக் கழற்றி நீதியின் கையை மூடினான். மரியாதைக்குக் கழற்றினான் என்றுதான் முதலில் எல்லோரும் நினைத்தார்கள்.

“தொப்பிய எடுப்பா” என்றார் பிரபு.

“ஈரமா இருக்குங்க.”

“தொப்பியா, சுவரா?”

“ரெண்டும்தாங்க.”

“எடுங்கறேன்!”

எடுத்தான். நாற்காலி போயிற்று என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. வயது நாற்பத்தைந்தாகியும் அழுகை வந்தது.

“ஆறு விரல் இருக்கே” என்றாள் இசோத்தா.

பிரபு பண்டிதர் பக்கம் திரும்பினார். “ஏன் ஆறு?”

இங்கேதான் பண்டிதர் வசமாக மாட்டிக்கொண்டார். ‘தப்பு’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஓவியன் ஒழிந்திருப்பான். ஆனால் பிரபு ஏன் என்று கேட்டு, அதற்குத் தன்னிடம் காரணம் இல்லை என்று எப்படிச் சொல்வது? வாய் தானாகவே திறந்துகொண்டது.

“அற்புதமான கேள்வி! மனுஷனுக்குப் புலன் அஞ்சு. கண்ணு ஏமாத்தும், காது ஏமாத்தும். அஞ்சையும் நம்பித் தராசைப் பிடிச்சா தீர்ப்பு கோணலாயிடும். ஆறாவதா அறிவுன்னு ஒண்ணு வேணும். அதுதான் அந்த விரல். கிரேக்க ஞானிகள்…”

அரை மணி நேரம் பேசினார். பேசி முடித்த பிறகுதான் என்ன செய்துவிட்டோம் என்பது அவருக்கே உறைத்தது. முகம் சுண்ணாம்பாகிவிட்டது.

பிரபு கண் கலங்கிப் போனார். “இவ்வளவு ஆழமா யோசிச்சிருக்கான். இவனைப் போயி குதிரைக்காரங்களோட உக்கார வச்சிருந்தேனே!”

மறுநாள் கல்யாண விருந்தில் ஜெர்வாசியோவுக்கு நாற்காலி கிடைத்தது. கொழுத்த வாத்து, விலாங்கு மீன், பிரபுவின் சொந்தத் தோட்டத்துத் திராட்சை மது. எதிரே பண்டிதர் எலும்பைக் கடித்துக்கொண்டு முறைத்தார். ஜெர்வாசியோவுக்கு வாத்தைவிட அதுதான் ருசித்தது.

மூன்றாவது கிண்ணத்தில் பிரபு மேசையைத் தட்டினார். “எனக்கு ஒரு சந்தேகம். நீதிக்கு மட்டும் அறிவு இருந்தா, மத்த ஆறு பேரும் மடச்சிகளா? எல்லாருக்கும் ஆறு விரல் போடுப்பா!”

“அதெல்லாம் காஞ்சு போச்சுங்களே…”

“அதனால என்ன? உடைச்சுட்டு வரை!”

வாத்து அங்கேயே தொண்டையில் நின்றது.

மறுநாளே ஆறு தேவிகளின் கைகளையும் உடைக்க ஆரம்பித்தார்கள். ஓர்சோலா சுத்தியலை ஓங்கும்போதெல்லாம் அவன் தலையைத்தான் பார்த்தாள்.

“ஒரு நாற்காலிக்காக ஆறு கை. நீயெல்லாம் மூளையால பொழைக்கிறவனாய்யா?”

அவன் தோள் விண்விண்ணென்று தெறித்தது. ஆனாலும் மதியம் மணி அடித்ததும் மாடிக்கு ஓடினான். நாற்காலியை ஒரு நாள் காலியாக விட்டால் பண்டிதர் அதில் தன் நாயை உட்கார வைத்துவிடுவார். மது இரண்டு கிண்ணம் கட்டாயம் வரும். வேண்டாம் என்று சொல்வது மாடியில் மரியாதை இல்லை.

கடைசியாக நிதானத்தின் கை. மதுவில் தண்ணீர் கலந்து ஊற்றிக்கொண்டிருக்கிற தேவி. உண்ட மயக்கத்தில் ஏறினான், பழக்க தோஷத்தில் வரைந்தான், இறங்கித் தூங்கினான்.

வேலையைப் பார்க்க எல்லோரும் வந்தார்கள். இசோத்தா ஒவ்வொரு கையாக எண்ணிக்கொண்டே நடந்து, நிதானத்தின் முன்னால் நின்றாள்.

“இதுல அஞ்சுதான் இருக்கு.”

பிரபு பண்டிதரைப் பார்த்தார். பண்டிதர் தாடியைத் தடவினார்.

“ஆகா! இதுதான் உச்சம். ஆறு இருந்தும் ஒண்ணை விட்டுக்கொடுக்கிறதுதானே நிதானம்? அப்படிப் பாத்தா, அஞ்சுதான் ஆறை விடப் பெரிசு. மத்தவங்க எல்லாருக்கும்கூட…”

ஜெர்வாசியோவுக்கு அடுத்த வார்த்தை என்ன என்று தெரிந்துவிட்டது. மறுபடியும் ஆறு கை, மறுபடியும் சுத்தியல். தோள் இப்போதே வலித்தது.

“தப்புங்க!” என்று கத்தினான். “அஞ்சும் தப்பு, ஆறும் தப்பு! அன்னைக்குக் கோவத்துல ஒண்ணு கூடிப் போச்சு, இன்னைக்குத் தூக்கத்துல ஒண்ணு கொறைஞ்சு போச்சு! இதுல அறிவும் இல்ல, புலனும் இல்ல. நாற்காலிய எடுத்துக்கோங்க. இனிமே என்னால உடைக்க முடியாது!”

ஓர்சோலா சுத்தியலைக் கீழே வைத்தாள்.

பிரபு மெதுவாக நடந்து வந்து அவன் தோளில் கை வைத்தார், வலிக்கிற தோளிலேயே.

“என் மேசையில எத்தனையோ அறிவாளிங்க சாப்பிட்டிருக்காங்க. தப்புன்னு ஒத்துக்கிட்டவனை இன்னைக்குத்தான் பாக்கறேன். சுவர் இப்படியே இருக்கட்டும். பண்டிதரே, இனிமே நீர் ஒரு நாற்காலி தள்ளி உக்காரும். என் பக்கத்துல இவன்.”

அன்று மதியம் ஜெர்வாசியோ பிரபுவின் வலப்பக்கத்தில் உட்கார்ந்தான். ஒரு நாற்காலி தள்ளிப் பண்டிதர், ஒத்துக்கொள்வதற்குத் தன்னிடம் என்ன தப்பு இருக்கிறது என்று உண்மையாகவே மண்டையைக் குடைந்துகொண்டிருந்தார். ஜெர்வாசியோ பெருமிதத்தோடு கிண்ணத்தைத் தூக்கி ஒரே மடக்காக விழுங்கினான்.

தண்ணீர்.

பரிமாறுகிறவன் குனிந்து அவன் காதில் சொன்னான். “உங்க வீட்டம்மா அடுப்படியில வந்து சொல்லிட்டுப் போனாங்க. அடுத்த சுவர் முடியிற வரைக்கும் உங்களுக்கு இதுதானாம். சுத்தியலைக் கையில வச்சுக்கிட்டே சொன்னாங்க.”