நட்ட நடுவில் ஒரு மூக்கு

கஸ்பார் யாமிசிக்கு நிதி மந்திரி பதவி போனது மகளின் கல்யாண விருந்தில். தலைநகர் பங்கியின் வானொலி நண்பகல் செய்தியில் ஆணையை வாசித்தது: புது மந்திரி சில்வெஸ்தர் தொக்பா. அடுத்த நொடியே நானூறு விருந்தாளிகளும் மரவள்ளிக் களித் தட்டோடு எழுந்து தொக்பா வீட்டுக்கு நடையைக் கட்டினார்கள். மாப்பிள்ளையே பாதி வழி போய்த்தான் திரும்பினான்.

அந்த நானூறு முதுகுகளையும் யாமிசி மறக்கவில்லை. தொக்பாவைச் சந்தி சிரிக்க வைக்காமல் செத்தால் சவப்பெட்டிக்குள் குப்புறப் படுப்பேன் என்று மனைவியிடம் சத்தியம் செய்தார். ஒன்பது வருடம் யார் யார் காலையோ பிடித்து மத்திய வங்கியின் ஆளுநரானார்.

ஒருநாள், இன்னும் நிதி மந்திரியாகவே இருந்த தொக்பா, இரண்டு கூடை கருவாட்டோடு, வயிறு முன்னே வர யாமிசியின் அறைக்குள் நுழைந்தார்.

"அண்ணே, புது ஐந்நூறு பிராங்க் நோட்டு வருதாமே. அதுல நம்ம மூஞ்சி இருந்தா நாட்டுக்கே ஒரு களை!"

"ஓரத்துல போட்டா உங்களுக்கு மரியாதையா, மந்திரி? நட்ட நடுவுல போடுறேன்."

தொக்பா அழுதே விட்டார்.

பங்கியில் நோட்டை மடிக்காமல் வைத்திருப்பவன் இன்னும் பிறக்கவில்லை. முதலில் இரண்டாக, அப்புறம் நான்காக. இரண்டு மடிப்பும் சந்திக்கும் புள்ளியில் சரியாக மூக்கு உட்கார வேண்டும் என்று யாமிசி அளவுகோல் வைத்துப் பார்த்து, அச்சகத்துக்கு மூன்று கடிதம் எழுதினார்.

இரண்டே மாதத்தில் மடிப்பு தேய்ந்து, மூக்கு இருந்த இடத்தில் ஓட்டை விழுந்தது. யாமிசி தானே மீன் சந்தைக்குப் போய் ஒரு நோட்டை நீட்டினார். மீன்காரி அதை வெளிச்சத்தில் பிடித்து, ஓட்டைக்குள் விரலை விட்டு ஆட்டினாள்.

"மூக்கில்லாத மந்திரி எனக்கு வேணாம், ஐயா. என் மீன் நாறுறது கூட இந்தாளுக்குத் தெரியாது!"

சந்தை சிரித்த சிரிப்பில் உபாங்கி ஆற்று நீர்யானைகள் கரையேறி ஓடின.

மறுநாளே தொக்பா பாய்ந்து வந்தார். "நோட்டை மாத்துய்யா!"

"தாராளமா. நோட்டுல குறைன்னா நிதி மந்திரி சபையில எழுந்து சொல்லணும், சட்டம் அப்படி. வாசகம் எழுதியே வெச்சிருக்கேன். 'மாண்புமிகு உறுப்பினர்களே, என் மூக்கில் ஓட்டை விழுந்துவிட்டது.' கொஞ்சம் சத்தமா வாசிச்சுக் காட்டுங்களேன்."

தொக்பா தாளை வாங்கிப் படித்தார். "என்னை ஏன்யா இப்படி வதைக்கிற?"

யாமிசி அன்று தொக்பா கொண்டுவந்த கருவாட்டில் ஒரு துண்டைப் பிய்த்து மென்றார். தொக்பா தாளைக் கசக்கி எறிந்துவிட்டு வெளியேறினார். அவர் காருக்குள் ஏறுவதற்குள், யாமிசி அதே அச்சில் இன்னும் இரண்டு கோடி நோட்டுக்குக் கையெழுத்துப் போட்டு முடித்திருந்தார்.