உள்ளே வைத்த அட்டவணை

பேரிங் பம்ப் பாடிக்குள் உட்காரவில்லை. லொடலொடவென்று ஆடியது. கடைசல் மெஷினில் வேலை பார்க்கும் அஃபான் அதை வெளியே எடுத்துத் துடைத்து, மறுபடியும் துளையில் வைத்து ஆட்டிக் காட்டினான். அவனுக்குப் பின்னால் நூற்றெண்பது பாடிகள் வரிசையாக இருந்தன, எல்லாம் போன வாரம் கடைசல் போட்டவை. ரூத் குனிந்து துளைக்குள் விரலை விட்டுப் பார்த்தாள்.

"அக்கா, டிராயிங்ல இருக்கறதத்தானுங்க போட்டோம். பாருங்க, அறுபத்தஞ்சு," என்றான். குற்றம் சொல்லும் குரல் இல்லை. பழைய பிரிண்ட் எண்ணெயில் ஊறிக் கிழிந்துபோய்விட்டது என்று போன திங்கட்கிழமை இவனேதான் வந்து புதுப் பிரிண்ட் வாங்கிப்போனான். அதன் மூலைக் கட்டத்தில், வரைந்தவர் என்ற இடத்தில், ரூத் என்று இருந்தது. துளை அறுபத்திரண்டு மில்லிமீட்டர் இருக்க வேண்டும். பதினாறு வருஷமாக அவள் வரைகிற பம்ப், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். ஆனாலும் பிரிண்ட் எடுத்த அன்று அந்த எண்ணை அவள் பார்க்கவில்லை. பார்த்திருக்க வேண்டும், பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

எண் எப்படி மாறியது என்பதில் அவளுக்கு ஒரு நிமிஷம்கூடச் சந்தேகம் இல்லை. அவர்களுடைய டிராயிங்குகளில் அளவு அட்டவணையை யாரும் கையால் அடிப்பதில்லை. டிசைன் மேனேஜர் அன்புமணியின் எக்செல் ஃபைலில் எல்லா அளவும் இருக்கும்; நூற்று நாற்பது டிராயிங்கும் அங்கேயிருந்து லிங்க் வழியாக எடுத்துக்கொள்ளும். அவர் அங்கே ஒரு கட்டத்தை மாற்றினால் போதும், அடுத்த முறை திறக்கும்போது டிராயிங்கில் தானாக மாறிவிடும். கேட்டுக்கொண்டெல்லாம் மாறாது. மூன்று வருஷத்துக்கு முன்பே ரூத் தலைபாடாக அடித்துக்கொண்டாள், ஒப்புதல் ஆன டிராயிங்கில் அட்டவணை உள்ளேயே இருக்க வேண்டும் என்று. "நூத்தி நாப்பதையும் ஒவ்வொண்ணாத் தெறந்து மாத்தறதுக்கு நம்மகிட்ட ஆளிருக்குதுங்களா? லிங்க்கே போட்டுருங்க அம்மணி," என்றார் அன்புமணி. போட்டாள்.

மேலே வந்து டிராயிங்கைத் திறந்து லிங்க் விவரத்தைப் பார்த்தாள். அன்புமணியின் கம்ப்யூட்டர், அன்புமணியின் ஃபோல்டர், ஃபைலைக் கடைசியாகத் திருத்தியவர் அன்புமணி. தேதி, பிரிண்ட் எடுத்ததற்கு மூன்று நாள் முன்பு. அப்பாடா என்றிருந்தது. அதை அப்படியே காகிதத்தில் எடுத்துக்கொண்டு நேரே முதலாளி அறைக்குப் போனாள். இவருக்கு இதெல்லாம் புரியுமா, எங்கிருந்து தொடங்குவது என்றுதான் படியேறும்போது யோசனை.

முதலாளி கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் படித்தார். புரியாமல் என்ன, நன்றாகவே புரிந்தது.

"தெரியுதுங்க அம்மணி. காத்தாலயே அன்புமணி எல்லாஞ் சொல்லிப்போட்டாருங்க." காகிதத்தை இரண்டாக மடித்து மேஜை டிராயருக்குள் வைத்தார். "லோடு லேட்டாகும்னு சொன்னதுக்கு, பம்ப் வாங்கற புனேக்காரன் யாரு பண்ணுனது, என்ன நடவடிக்கைன்னு எழுத்துல கேக்கறான். அன்புமணி பேரக் குடுத்தா நாளைக்கு அவங்ககூட யாருங்க பேசறது? டிராயிங்ல இருக்கறது உங்க பேருதானுங்களே."

"நான் மாத்தலீங்க சார்."

"நீங்க மாத்துனீங்கன்னு நான் சொல்லலீங்களே. உங்கள யாரும் ஊட்டுக்குப் போவச் சொல்லலீங்க. ஸ்டோர்ஸ்ல உக்காந்துக்குங்க. சம்பளம் அதேதானுங்க."

என்ன மரியாதை! ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு 'ங்க'. இந்த ஊரில் ஒருவரைக் கழுத்தைப் பிடித்துத் தள்ளும்போதுகூட 'பாத்துப் போங்க' என்பார்கள் என்று ரூத் நினைத்துக்கொண்டாள். கடிதம் தயாராகவே இருந்தது: 'எனது கவனக்குறைவால்' என்று ஆரம்பம், 'டிசைன் பணியிலிருந்து விலக்கப்படுவதை ஏற்கிறேன்' என்று முடிவு. இது புனேவுக்குப் போகும். அங்கிருந்து சுற்றி இங்கேயே வரும். கோயம்புத்தூரில் பம்ப் கம்பெனிக்காரர்கள் பாதிப் பேர் ஒருவருக்கொருவர் சொந்தம், மீதிப் பேர் ஒன்றாகப் படித்தவர்கள். இதற்குப் பிறகு எந்தக் கம்பெனியும் அவளை ஒரு கோடுகூடப் போட விடாது. பதினாறு வருஷத்தில் ஒரு டிராயிங் திரும்பி வந்ததில்லை என்று கர்த்தருக்கு நன்றி சொன்னவள் அவள். சொன்ன இடத்தில் கையெழுத்துப் போட்டாள். போட்ட கையை வெட்டிப்போடலாம் போல ஆத்திரம் வந்தது.

வெளியே அன்புமணி காத்துக்கொண்டிருந்தார். முகத்தை நேராகப் பார்க்கவில்லை.

"ஏனுங்க ரூத்தம்மா, மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீங்க. ஸ்டோர்ஸ் போறதுக்கு முன்னாடி ஒரே வேலைங்க. இனி லிங்க்கே இருக்கக்கூடாதுன்னு புனேல சொல்லிப்போட்டாங்க. எல்லா டிராயிங்லயும் அட்டவணைய உள்ளாரயே வெச்சுக் குடுத்துருங்க, அவங்களுக்கு அனுப்போணும். எனக்கு அது பழக்கமில்லீங்க, உங்களாட்டம் யாருக்கு வரும்?"

மூன்று வருஷத்துக்கு முன் அவள் சொன்ன அதே வேலை! கெட்ட வார்த்தை ஒன்று தொண்டைவரை வந்தது. ஞாயிறு தவறாமல் போத்தனூர் சர்ச்சில் பாடுகிற வாய் என்பதால் விழுங்கிக்கொண்டாள்.

லிங்க்கை வெட்டிவிட்டால் அட்டவணை வெறும் படமாக நின்றுவிடும், ஒரு சொடுக்கு வேலை. அப்படித்தான் ஆரம்பிக்கப் போனாள். அளவு இப்போது சரியாக இருக்கிறதா என்று பார்க்க அன்புமணியின் எக்செல்லைத் திறந்தாள். இந்த முறை பார்க்காமல் விடக்கூடாது. அறுபத்திரண்டு என்று திருத்தியிருந்தார். அதே ஃபைலில் இன்னொரு தாளும் இருந்தது, அவர் தனக்காக எழுதிவைக்கும் குறிப்புகள். கடைசிக் குறிப்பில் தேதியோடு இருந்தது: 'டிரையலுக்காக 62ஐ 65 ஆக்கியது நான். மறக்காமல் திருப்பி மாற்ற வேண்டும். அன்புமணி.'

ரூத் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தாள். அட்டவணையைப் படமாக வைக்காமல், எக்செல்லாகவே டிராயிங்குக்குள் ஒட்டினால், கண்ணுக்குத் தெரிவது ஒரு கட்டம்தான். உள்ளே போவது முழு ஃபைல். எல்லாத் தாளும் போகும். அந்தக் கட்டத்தின்மேல் யாராவது இரண்டு தட்டுத் தட்டினால் அத்தனையும் திறக்கும். ஒவ்வொரு டிராயிங்கிலும் அப்படித்தான் ஒட்டினாள். நூற்று நாற்பதும் முடிய மறுநாள் மத்தியானம் ஆயிற்று.

"பைல் ஏனுங்க இத்தன கனமா இருக்குது?" அன்புமணி தன் இடத்தில் உட்கார்ந்து புனேவுக்கு அனுப்பத் தயாராகிக்கொண்டிருந்தார்.

"நீங்க சொன்னாப்புலயே உள்ளார வெச்சுட்டனுங்க சார்."

"பிரிண்ட்ல எல்லாம் ஒழுங்கா வருமுங்களா?"

"அளவெல்லாஞ் சரியா இருக்குதுங்க. நீங்களே ஒருவாட்டி தெறந்து பாத்துக்குங்க."

அவர் முதல் டிராயிங்கைத் திறந்தார். அம்புக்குறியை அட்டவணைமேல் கொண்டுபோய் அறுபத்திரண்டின் மேல் நிறுத்தினார். இரண்டு தட்டுத் தட்டிவிடுவாரோ என்று ரூத் அவர் விரலையே பார்த்தாள். மூலையில் இன்னமும் அவள் பெயர்தான் இருந்தது. "அருமைங்க," என்று மூடிவிட்டு அனுப்பும் பொத்தானை அழுத்தினார். திரையில் ஒரு பச்சைக் கோடு இடமிருந்து வலமாக மெல்ல நகர ஆரம்பித்தது. அது போய்ச் சேரும்வரைக்கும் டீ சாப்பிட்டுவிட்டு வரலாமுங்களா என்று அவர் கேட்டார். ரூத் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள்.